சாக்குச் சொல்ல முடியாத வீழ்ச்சி

ஏதேன் தோட்டத்தில் நடந்த விசாரணையை ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் சில வரிகளில் முடித்துவிடுகிறது. விலக்கிய கனியைத் தின்றாயா என்று கேட்டால் ஆதாம் ஏவாளைக் கைகாட்டுகிறான். அவளைத் துணையாகத் தந்ததே நீர்தானே என்று பழியில் ஒரு பங்கைக் கடவுள் தலையிலும் வைத்துவிடுகிறான். ஏவாளைக் கேட்டால் பாம்பைக் கைகாட்டுகிறாள். பாம்பிடம் கேள்வியே இல்லை, நேராகச் சாபம்தான். கேட்டிருந்தால் அது யாரைக் காட்டியிருக்கும்? யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவரும் விழுந்த தூதனின் கதைகள் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியிடம்தான் வந்து சேர்கின்றன. உலகில் தீமை எப்படி வந்தது என்பதற்கு விடையாகவே அக்கதையைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். விடை என்று பார்த்தால் அதைவிட மோசமான விடை இருக்க முடியாது. மனிதனைக் கெடுத்தவன் சாத்தான் என்றால் சாத்தானைக் கெடுத்தவன் யார்? கேள்வி ஒரு படி மேலே தள்ளிப்போனதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அந்தக் கதை செய்யும் வேலை வேறு என்பது என் வாதம். தீமைக்கு நாம் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, செய்தவனையும் செயலையும் மட்டும் எதிரெதிரே நிறுத்துவதே அதன் வேலை. இறையியல் தலைமுறை தலைமுறையாக அந்தக் காரணங்களைக் கழற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இலக்கியம் அவற்றைத் திரும்ப மாட்டிவிடப் பார்த்திருக்கிறது.

இப்படி ஒரு கதை எபிரேய வேதாகமத்தில் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏதேன் பாம்பைச் சாத்தான் என்று ஆதியாகமம் எங்கும் அழைக்கவில்லை. யோபுவின் கதையில் வரும் சாத்தான் மற்ற தேவபுத்திரரோடு கடவுளின் சந்நிதியில் வந்து நிற்கிறான். பூமியெங்கும் சுற்றித் திரிந்துவிட்டு வந்து குற்றம் சாட்டுவது அவன் உத்தியோகம். அனுமதி வாங்காமல் அவன் யோபுவின் மேல் கைவைப்பதில்லை. தாவீது ஜனங்களைத் தொகையிட்டுப் பாவம் செய்தபோது அவனைத் தூண்டியது கர்த்தருடைய கோபம் என்கிறது இரண்டாம் சாமுவேல் 24ஆம் அதிகாரம். அதே சம்பவத்தைப் பிற்காலத்தில் திரும்பச் சொல்லும் முதலாம் நாளாகமம் 21ஆம் அதிகாரத்தில் தூண்டியவன் சாத்தான். கடவுள் பேரில் இருந்த பழி இன்னொருவன் பேருக்கு மாற்றி எழுதப்படுவதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி என்று ஏசாயா 14ஆம் அதிகாரம் ஏளனம் செய்வது பாபிலோன் அரசனை. எசேக்கியேல் 28ஆம் அதிகாரத்தின் புலம்பல் தீரு நகரத்து அரசனுக்கு. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஓரிஜென் போன்றவர்கள் அவற்றைச் சாத்தானின் வரலாறாக வாசித்தார்கள். ஆகவே, வேதத்தில் இல்லாததைப் பிற்காலத்தார் கட்டிச் சேர்த்தார்கள் என்று ஆட்சேபிப்பவர் சொல்வது சரி. ஆனால் அதோடு விஷயம் முடிவதில்லை. மூலநூல் வற்புறுத்தாத ஒரு கதை இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருக்கிறது என்றால், அது எந்தத் தேவைக்காக நிலைத்தது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

கதையின் மிகப் பழைய விரிவான வடிவம் முதலாம் ஏனோக்கு நூலின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. அப்பகுதி கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. அதன் அரமேயத் துண்டுகள் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்தன. முழு நூல் எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீயஸில் மட்டுமே பிழைத்திருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை இன்றும் அதை வேதநூல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. காவலர் எனப்படும் இருநூறு தூதர்கள் மனிதப் பெண்களின் அழகில் ஆசை வைத்து எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு இராட்சதப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். தூதர்களில் ஒருவனான அசாயேல் ஆண்களுக்கு வாளும் கேடயமும் செய்யவும், பெண்களுக்கு வளையல் அணியவும் கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுத்தருகிறான். பூமி இரத்தக்களரி ஆகிறது. தீமைக்கு இங்கே காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காமம், ஆயுதம், கற்கக்கூடாத வித்தை என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் இறங்குவதற்கு முன் நடக்கும் ஒரு சிறு காட்சி இந்தக் காரணங்களையெல்லாம் அசைத்துப் பார்க்கிறது. தலைவன் செமியாசா தயங்குகிறான். நீங்கள் பின்வாங்கிவிட்டால் இவ்வளவு பெரிய பாவத்துக்கு நான் ஒருவனே பதில் சொல்ல வேண்டிவருமே என்று அஞ்சுகிறான். உடனே இருநூறு பேரும், யாரும் பின்வாங்குவதில்லை என்று சாபத்தின்மேல் சத்தியம் செய்துகொள்கிறார்கள். செய்யப்போவது பாவம் என்று தெரிகிறது, தண்டனை உண்டு என்றும் தெரிகிறது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. ஆசை இருந்தது, ஆனால் கண்ணும் திறந்தே இருந்தது.

முற்காலச் சபைத் தந்தையரில் யஸ்டின் இக்கதையை ஏற்றுப் பேசினார். யூதா நிருபம் ஏனோக்கின் பேரைச் சொல்லியே எடுத்தாள்கிறது. பின்னர், தேவபுத்திரர் என்போர் சேத்தின் வம்சத்தார்தான், தூதரல்லர் என்ற விளக்கம் வந்தது. தூதருக்குச் சதையில்லை என்ற எண்ணம் வலுக்க வலுக்க, காமம் என்ற காரணம் தானாகவே கழன்று விழுந்தது. அதன் இடத்துக்கு வந்தது பொறாமை. ‘ஆதாம் ஏவாள் வாழ்க்கை’ என்னும் பழைய நூலின் லத்தீன் வடிவத்தில், கடவுளின் சாயலான ஆதாமை வணங்கச் சொல்லி மிகாவேல் அழைக்கிறான். எனக்குப் பின்னால் வந்தவனை, என்னைவிடத் தாழ்ந்தவனை நான் ஏன் வணங்க வேண்டும் என்று சாத்தான் மறுக்கிறான். ஏறத்தாழ இதே காட்சி குர்ஆனில் ஏழு இடங்களில் வருகிறது. மலக்குகள் எல்லோரும் ஆதமுக்குச் சஜ்தா செய்ய, இப்லீஸ் மட்டும் மறுக்கிறான். அவன் மலக்கா ஜின்னா என்று உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். 18ஆம் அத்தியாயம் அவனை ஜின் இனத்தவன் என்கிறது. 7ஆம் அத்தியாயத்தில் கதை செல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஏன் பணியவில்லை என்று கேட்டதும் இப்லீஸ் தர்க்கம் பேசுகிறான்: நான் நெருப்பால் ஆனவன், அவன் களிமண்ணால் ஆனவன். விரட்டப்பட்டதும், என்னை வழிகெடுத்தது நீதான் என்று இறைவனிடமே பழியைத் திருப்புகிறான். சில வசனங்கள் கழித்து ஆதமும் அவர் மனைவியும் தவறுகிறார்கள். அவர்களை ஷைத்தான் ஏமாற்றியது உண்மை, அப்படியே சொல்லியிருந்தால் பொய்யாகாது. சொல்லவில்லை. எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம் என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். கையில் சாக்கு இருந்தும் அதை எடுக்காதவர்கள் ஒருபுறம், இல்லாத சாக்கை உண்டாக்கியவன் மறுபுறம். இரண்டு தவறுகளின் கதியும் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

மிச்சமிருந்த காரணங்களையும் விடாமல் களைந்தவர் அகுஸ்தீன். அந்த வேலையில் அவருக்குச் சொந்த அக்கறையும் உண்டு. இளமையில் ஒன்பது ஆண்டளவு அவர் மானியின் மார்க்கத்தைப் பின்பற்றியவர். ஒளியும் இருளும் இரண்டு அநாதியான தத்துவங்கள், நம்மில் பாவம் செய்வது நம்மோடு கலந்துவிட்ட இருள்தான் என்பது அம்மார்க்கத்தின் போதனை. பாவத்தை விடாமலே நிரபராதியாக இருப்பதற்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது. 413இல் தொடங்கி 426வாக்கில் முடித்த ‘கடவுளின் நகரம்’ நூலில், தூதரின் வீழ்ச்சியைப் பற்றி யோசிக்கும் 12ஆம் பகுதியில், அவர் ஒரு சோதனையை முன்வைக்கிறார். உடலமைப்பிலும் மனநிலையிலும் ஒத்த இரண்டு பேர் ஒரே அழகான உடலைப் பார்க்கிறார்கள். ஒருவன் தகாத ஆசைக்கு இடம் கொடுக்கிறான், மற்றவன் உறுதியாக நிற்கிறான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்த அழகிலிருந்து வரவில்லை, இருவரும் அதையே பார்த்தார்கள். உடம்பிலிருந்தோ சுபாவத்திலிருந்தோ வரவில்லை, அவை இருவருக்கும் ஒன்று. யாரோ மறைவாகத் தூண்டினான் என்றால், அந்தத் தூண்டுதலும் இருவருக்கும் சமம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள் என்கிறார். கடைசியில் மிஞ்சுவது ஒருவன் சம்மதித்தான், ஒருவன் சம்மதிக்கவில்லை என்பது மட்டும். தீய சித்தத்தை உண்டாக்கிய காரணத்தைத் தேடுவது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வதற்குச் சமம் என்று அவர் முடிக்கிறார்.

அகுஸ்தீன் நிறுத்திய இடத்திலிருந்து ஆன்செல்ம் தொடர்ந்தார். 1080களில் நார்மண்டியின் பெக் மடத்தில் இருந்தபோது அவர் எழுதிய ‘பிசாசின் வீழ்ச்சி’ ஓர் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் நடக்கும் உரையாடல். மாணவன் விடாக்கண்டன். நன்மையில் நிலைத்திருக்கும் ஆற்றலைக் கடவுள் நல்ல தூதருக்குக் கொடுத்தார், மற்றவனுக்குக் கொடுக்கவில்லை என்றால் தவறு கொடுக்காதவர் மேல்தானே என்று தொடக்கத்திலேயே மடக்குகிறான். அவன் பெறாததற்குக் காரணம் அவர் கொடுக்காதது அன்று, அவன் ஏற்றுக்கொள்ளாததால்தான் அது கொடுக்கப்படாமல் போயிற்று என்று ஆசிரியர் திருப்பிப்போடுகிறார். இப்படி ஒவ்வொரு வாசலாக அடைபட்டு, நூலின் கடைசிப் பக்கங்களில் மாணவன் கேட்கிறான்: சரி, அவன் ஏன் அப்படி விரும்பினான்? விரும்பினான் என்பதால்தான் விரும்பினான் என்பது ஆசிரியரின் பதில். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இதையே விசுவாசக் கோட்பாடாக்கியது: பிசாசுகள் இயல்பில் நல்லவையாகப் படைக்கப்பட்டன, தாமாகவே தீயவை ஆயின. உலகத்தையும் உடம்பையும் படைத்தது தீய சக்தி என்ற கத்தார்களுக்கு எதிரான அறிவிப்பு அது. உடம்பைக் குற்றம் சொல்லாதே என்பதே அதற்குள் இருந்த செய்தி. தாமஸ் அக்குவினாஸின் தூதர்களுக்கு உடம்பும் இல்லை, நம்மைப் போல் தடுமாறித் தடுமாறிக் கற்கும் அறிவும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் முழுமையாகப் புரிந்துகொள்பவர்கள் அவர்கள். ஆகவே அறியாமை, பசி, சோர்வு, கெட்ட சகவாசம், வளர்ப்பு என்று நம்முடைய பாவங்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் எதுவும் அவர்கள் விஷயத்தில் செல்லுபடியாகாது.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழுகிறது. காரணமே இல்லாத செயல் என்றால் அது தற்செயல்தானே? பகடை இப்படி விழுந்தது, அவன் இப்படி விழுந்தான் என்றால் பகடையைத் தண்டிப்பது நியாயமா? இதற்கு ஆன்செல்மின் நூலிலேயே பதிலுக்கான பொருள் இருக்கிறது. அவர் ஒரு தூதனைப் படிப்படியாகக் கற்பனையில் படைத்துப் பார்க்கிறார். தன் சுகத்தை மட்டும் விரும்பும் ஆற்றலை முதலில் கொடுத்தால், அவன் சுகத்தை விரும்பியே தீருவான். அதில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. நீதியை மட்டும் விரும்பும் ஆற்றலைக் கொடுத்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அவன் நீதிமானாகவோ அநீதியாளனாகவோ ஆக முடியும். ஆகவே விழுந்தவன் நோக்கமில்லாமல் விழவில்லை. தனக்கென்று ஒரு மேன்மையை விரும்பினான். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியும். அந்த மேன்மைக்காக நீதியை ஏன் விட்டாய் என்று கேட்டால்தான் பதில் தீர்ந்துபோகிறது. நோக்கம் உண்டு, நிர்ப்பந்தம் இல்லை. பகடைக்கு நோக்கமும் இல்லை, ஆகவே ஒப்புமை பொருந்தாது. இந்த விளக்கம் முழுமையானதா என்றால் இல்லை. ஆனால் முழுமையான விளக்கம் என்று எதைக் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். இன்னின்ன இருந்தபடியால் அவன் இதைச் செய்யாமல் இருந்திருக்கவே முடியாது என்று நிறுவுவதைத்தான் கேட்கிறோம். அது கிடைத்துவிட்டால் குற்றவாளியே காணாமல் போய்விடுவான். பழியும் வேண்டும், முழு விளக்கமும் வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது.

இறையியல் இப்படி வெறுமையாக்கி வைத்ததை இலக்கியம் அப்படியே விட்டுவைக்காது. நோக்கம் தெரியாத பாத்திரத்தை வைத்துக் கதை நடத்த முடியாது. நரகத்தின் அடித்தட்டில் பாதி மார்புவரை பனிக்கட்டியில் உறைந்து, மூன்று வாய்களாலும் மூன்று துரோகிகளை மென்றுகொண்டிருக்கும் லூசிபரைத் தாந்தே ஒரு வார்த்தைகூடப் பேசவிடவில்லை. பேசவிட்டவர் மில்டன். 1667இல் வெளிவந்த அவருடைய காவியத்தைத் தமிழ்ச் செய்யுளாக்க முனைந்த வெ. ப. சுப்பிரமணிய முதலியார் அதற்குச் ‘சுவர்க்க நீக்கம்’ என்று பேரிட்டார். அதன் முதல் இரண்டு காண்டங்களை வாசிப்பவர் சாத்தானின் வீர உரைகளில் மயங்காமல் இருப்பது கடினம். மில்டன் தன்னையறியாமல் பிசாசின் கட்சிக்காரர் என்று பிளேக் சொன்னதும், அந்தச் சாத்தான் அவருடைய கடவுளைவிட ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று ஷெல்லி எழுதியதும் இதனால்தான். 1961இல் வில்லியம் எம்சன் இன்னும் தீவிரமாக, மில்டன் காட்டும் கடவுளே குற்றவாளிக்கூண்டில் நிற்க வேண்டியவர் என்று ஒரு நூலே எழுதினார். இவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐந்தாம் காண்டத்தில், முன்னறிவிப்பில்லாமல் குமாரன் எல்லாருக்கும் தலைவனாக அறிவிக்கப்படும் இடத்தைப் படிக்கும்போது, சாத்தானுக்கு நியாயமான மனக்குறை இருப்பதாகவே தோன்றுகிறது.

ஆனால் நான்காம் காண்டத்தின் தொடக்கத்தில், நிபாத்தஸ் மலைமேல் தனியாக நின்று சூரியனை நோக்கிப் பேசும்போது, இந்த வழக்கைச் சாத்தானே வாபஸ் வாங்கிவிடுகிறான். கேட்பதற்குத் தொண்டர்கள் இல்லாத இடம் அது. கடவுள் தனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, அவருக்கு ஊழியம் செய்வது பாரமாகவும் இருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். இவ்வளவு உயர்ந்த பதவியில் வைக்காமல் இருந்திருந்தால் தனக்குப் பேராசை வந்திராதே என்று ஒரு சாக்கை எடுத்துப் பார்க்கிறான். தனக்கு இணையான மற்றவர்கள் விழவில்லையே என்று தானே அதை வெட்டிவிடுகிறான். நிற்பதற்கு வேண்டிய சுதந்திரமும் வலிமையும் அவர்களைப் போலவே உனக்கும் இருந்ததா என்று தன்னைத்தானே கேட்டு, இருந்தது என்று பதிலும் சொல்கிறான். அகுஸ்தீனின் இரண்டு மனிதர்கள் இங்கே கவிதையாகத் திரும்பி வருகிறார்கள். இரண்டாமவனையும் மில்டன் பேர் சொல்லிக் காட்டுகிறார். கலகக் கூட்டத்தில் அதே பேச்சைக் கேட்டு, அதே அறிவிப்பால் பாதிக்கப்பட்டும், தனி ஒருவனாக எழுந்து மறுத்துவிட்டு வெளியேறும் அப்தியேல்தான் அவன். காவியம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு நாடகத்தின் தொடக்கமாக இந்தத் தனிமொழியின் முதல் வரிகளை மில்டன் எழுதிக் காட்டியதாக அவருடைய மருமகன் எட்வர்ட் பிலிப்ஸ் பதிவு செய்திருக்கிறார். வீர உரைகள் ஊருக்குச் சொல்லும் காரணங்கள். பிளேக்கும் ஷெல்லியும் ஊரோடு சேர்ந்து கேட்டார்கள். மலைமேல் நடந்ததற்குப் போதிய எடை கொடுக்கவில்லை.

சாக்குகளிலேயே உன்னதமானதை இப்லீஸுக்குத் தேடிக்கொடுத்தவர்கள் சூஃபிகளில் சிலர். 922இல் பக்தாதில் மரண தண்டனைக்கு ஆளான ஹல்லாஜ், தம் ‘தவாஸீன்’ நூலில், இப்லீஸ் பணிய மறுத்தது ஏக இறைவன்மேல் கொண்ட காதலால் என்கிறார். அவனையன்றி வேறெதற்கும் தலைதாழ்த்தாதவன் மண்ணுருவத்துக்கு எப்படித் தாழ்த்துவான்? இந்த வாசிப்பின் அழகு மறுக்க முடியாதது. அதில் ஓர் எச்சரிக்கையும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. பக்திகூடச் சாக்காக முடியும். உன்மேல் உள்ள அன்பால்தான் உன் சொல்லை மீறினேன் என்பவனின் கவனம் நேசிக்கப்படுபவர்மேல் இல்லை, தன் நேசத்தின் தூய்மைமேல் இருக்கிறது. நெருப்புக்கும் களிமண்ணுக்கும் தரம் பிரித்த அதே மனம் இங்கே நாகரிகமான உடையில் வந்திருக்கிறது.

இவ்வளவும் சரியென்றாலும், விழப்போகிறான் என்று தெரிந்தே கடவுள் அவனை ஏன் படைத்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு இந்தக் கதையிடம் பதிலில்லை. கடவுளுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எடுத்துக்கொண்டு வருபவர்கள் அதன் சக்திக்கு மீறியதை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள். சாக்கே இல்லாதவனுக்கு மன்னிப்பாவது உண்டா என்பதும் தீர்க்கப்படாத வழக்குதான். அறிவுள்ள படைப்புகள் எல்லாமே ஒருநாள் திரும்பி வரக்கூடும் என்ற நம்பிக்கைக்கு ஓரிஜென் இடம் வைத்திருந்தார். பிற்காலச் சபை அதைக் கண்டித்தது. ஒருமுறை முழு அறிவோடு தேர்ந்தெடுத்த தூதனுக்கு மனம் மாறப் புதிதாக ஒன்றும் தெரியவராது, ஆகவே அவனுக்கு மனந்திரும்புதல் இல்லை என்றார் அக்குவினாஸ்.

அக்குவினாஸின் அந்தக் கடுமையான முடிவிலிருந்துதான் மனிதருக்கு ஆறுதலான ஒரு பாடம் கிடைக்கிறது. தூதன் மாற முடியாததற்கு என்ன காரணமோ அதற்கு நேர்மாறானதே நம் நிலை. நாம் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் செய்கிறோம். பசியும் பயமும் பழக்கமும் நம் செயல்களில் கலந்திருக்கின்றன. அதனால்தான் பிறகு உண்மை உறைக்கும்போது வருந்தவும் திருந்தவும் முடிகிறது. அடுத்தவர் குற்றத்தை எடைபோடும்போது இந்தக் கலப்பை நினைத்தே ஆக வேண்டும். வறுமையும் வளர்ப்பும் நோயும் வெறும் சாக்குகள் என்று சொல்பவர், மனிதரைத் தூதர்களாக எண்ணித் தீர்ப்பு எழுதுகிறார். அது கொடுமையில் முடியும். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாவற்றையும் கழித்த பிறகும் எஞ்சும் ஒரு சிறு பங்கு உண்டு, அதற்குச் செய்தவர் மட்டுமே பொறுப்பு என்பதையும் இதே கதை சொல்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் அளக்க முடியாது. ஆகவே பிறர் விஷயத்தில் காரணங்களைத் தாராளமாக ஏற்பதும், தன் விஷயத்தில் அவற்றைக் கடைசியாக மட்டுமே எடுப்பதும்தான் இக்கதையை ஒழுங்காக வாசித்தவர் கடைப்பிடிக்கக்கூடிய நெறி. பிசாசு உண்டென்று நம்பாதவரும் அதைக் கடைப்பிடிக்கலாம், நம்புகிறவரோ கடைப்பிடித்தே தீர வேண்டும். ஏனென்றால், பிசாசுதான் செய்யவைத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியைப் பிசாசைப் பற்றிய கதையே முதலில் அடைத்துவிடுகிறது.